தெரியுமா? கோவளம் முதல் செங்கல்பட்டு வரை: உடம்பு, அழகு, வரன்... 11 ஆச்சரியங்கள்!

கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு பஸ்ஸைப் பிடித்து ஜன்னலோரம் உட்காருங்கள். கோவளத்தில் தொடங்கி மாமல்லபுரம், அங்கிருந்து மேற்கே திரும்பி திருக்கழுக்குன்றம், கடைசியில் செங்கல்பட்டு. மிஞ்சிப்போனால் 50 கிலோமீட்டர். இந்த 50 கிலோமீட்டருக்குள் உடல்வலு, அழகு, கல்யாணம் மூன்றையும் பற்றி எத்தனை அதிசயங்கள் கொட்டிக் கிடக்கின்றன தெரியுமா?

"பொண்ணு சிவப்பா, ஒல்லியா இருக்கணும்", "பையன் ஆறடி இருக்கணும்" என்று பட்டியல் போடும் எல்லா வீட்டாரும் ஒருமுறையாவது இந்த வழியில் போய் வர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. வாருங்கள், ஒவ்வொரு நிறுத்தமாக இறங்கி ஏறுவோம்!

1. அலைமேல் நிற்பவருக்குக் கெட்ட பழக்கம் கூடாது!

கோவளத்தில் அலைச்சறுக்குச் சொல்லிக்கொடுக்கும் பள்ளியைக் கட்டியெழுப்பியவர் யார் தெரியுமா? அதே ஊர் மீனவர் மூர்த்தி மேகவன்! அந்தப் பள்ளியின் தாரக மந்திரமே புகை வேண்டாம், குடி வேண்டாம், அலை மட்டும் போதும் என்பதுதான்.

"பையனுக்கு ஒரு கெட்ட பழக்கமும் கிடையாது" என்று கல்யாணப் பேச்சில் சித்தப்பாக்களும் மாமாக்களும் சத்தியம் செய்வார்கள். இந்தக் கரையில் கடலே கேட்டுவிடும்! பலகைமேல் குப்புறப் படுத்து, இரண்டு கையாலும் தண்ணீரைத் தள்ளி, அலை தூக்குகிற நொடியில் ஒரே எம்பில் எழுந்து நிற்க வேண்டும். தோள், முதுகு, வயிறு, முழங்கால் எல்லாம் அந்த ஒரு நொடியில் பதில் சொல்லியாக வேண்டும். 2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்திலேயே ஆசிய அலைச்சறுக்குப் போட்டி நடந்தது. ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்றார். தனிநபர் பிரிவில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் பதக்கம் அது!

2. 360 பெண்களுக்கு வாய்த்த மாப்பிள்ளையின் முகம் எப்படி?

அடுத்த நிறுத்தம் திருவிடந்தை. 108 திவ்ய தேசங்களில் ஒன்று. காலவ முனிவருக்கு 360 பெண்கள். கட்டிக்கொடுக்க வழியில்லாமல் அவர் தவித்தார். பெருமாளே வந்து நாளுக்கு ஒருவராக 360 நாளும் மணம் முடித்தார் என்கிறது தலபுராணம். அதனால்தான் அவருக்கு நித்திய கல்யாணப் பெருமாள் என்று பெயர்.

இனிதான் ஆச்சரியம். அந்த மணமகன் எந்தக் கோலத்தில் வந்தார் தெரியுமா? வராகர்! பன்றி முகம்! தாயாரை இடப்பக்கம் ஏந்திக்கொண்டு, அவள் முகத்தருகே தன் முகத்தை வைத்து நிற்கிறார். கல்யாணம் கைகூட வேண்டும் என்று தமிழ்நாடு முழுக்கத் தேடி வரும் கோவிலில், மாப்பிள்ளைக்கு மூக்கும் முழியும் எப்படி என்று யாரும் கேட்பதே இல்லை!

வேண்டுதலைப் பாருங்கள். பெருமாளுக்குச் சாத்திய மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, கல்யாணமாகாதவர் பிரகாரத்தை 9 முறை சுற்ற வேண்டும். மாலையை வீட்டில் பத்திரப்படுத்தி, கல்யாணம் ஆனதும் அந்தக் காய்ந்த மாலையோடு ஜோடியாகத் திரும்பி வர வேண்டும். பையனுக்கும் 9 சுற்று, பெண்ணுக்கும் 9 சுற்று. ஒருவருக்குக்கூட ஒரு சுற்று குறையாது!

3. ஜிம் பக்கமே போகாமல் அமெரிக்காவை அசத்திய இருவர்!

வடநெம்மேலி. முதலைப் பண்ணை இருக்கும் ஊர் என்று எல்லோருக்கும் தெரியும். 1978-ல் இருளர் பாம்பு பிடிப்போருக்கான கூட்டுறவுச் சங்கம் பிறந்த கதை தெரியுமா? பாம்பு விஷமுறிவு மருந்துக்குத் தேவையான நஞ்சு இங்கே எடுத்துக் கொடுக்கப்படுகிறது.

இந்த வட்டாரத்து இருளர்களான மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017-ல் அமெரிக்காவின் பிளோரிடாவுக்கு அழைக்கப்பட்டார்கள். அங்கே பெருகிப்போன பர்மிய மலைப்பாம்புகளைப் பிடிக்கும் வேலை. ஐம்பதைத் தொட்ட வயது. நாலு வாரம் கடந்த கையோடு 27 பாம்புகள்! 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ.

விளம்பரத்தில் வருகிற கட்டுமஸ்தான உடம்பா அவர்களுக்கு? நம் ஊர் வயல் வரப்பில் பார்க்கும் மெலிந்த தேகம்தான். ஆனால் முட்காட்டில் மணிக்கணக்கில் நடக்கிற கால், புல் சாய்ந்திருப்பதைக் கண்டே தடம் சொல்கிற கண், பதறாத கை. உடல்தகுதி என்பது அந்த உடம்பு என்ன செய்யும் என்பதில்தான் இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

4. நிலா வெளிச்சத்தில், கடல் மணலில் கல்யாணம்!

அதே இருளர் மக்கள் ஆண்டுதோறும் மாசி மகப் பௌர்ணமிக்கு மாமல்லபுரம் கடற்கரையில் கூடுகிறார்கள். செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர், விழுப்புரம் என்று பல பக்கமிருந்தும் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். நாலு கம்பு நட்டுப் புடவையைச் சுற்றினால் அதுதான் கூடாரம். கரையெங்கும் சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாகப் புடவைகள் காற்றில் உப்பி நிற்கும் காட்சி கண்ணைப் பறிக்கும்!

விடியற்காலையில் ஈர மணலைக் குவித்துப் படி கட்டி, பூ வைத்துக் கன்னியம்மனைக் கும்பிடுகிறார்கள். சம்பந்தம் பேசுவது அங்கேயே. தாலி கட்டுவதும் அங்கேயே! இருளர் வழக்கில் பரிசம் கொடுக்க வேண்டியது மாப்பிள்ளை வீடு. மண்டப வாடகை இல்லை, நூறு பவுன் இல்லை, அழகு நிலைய ஒப்பனை இல்லை. இரவெல்லாம் ஒரே மணலில் பழகிய சனம், ஒருவரை ஒருவர் உள்ளபடியே பார்த்து முடிவு செய்கிறது. வடிகட்டிய புகைப்படத்தைப் பார்த்து விருப்பம் தெரிவிக்கும் நம் செயலிகள் இந்தக் கரையிடம் பாடம் கேட்க வேண்டும்!

5. ஊரின் பேரிலேயே ஒரு பயில்வான்!

மாமல்லபுரம் என்று நாளுக்கு நூறு தடவை சொல்கிறோமே, பொருள் தெரியுமா? மா மல்லன்: பெரிய மல்யுத்த வீரன்! ஏழாம் நூற்றாண்டுப் பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மனின் பட்டப்பெயர் அது. உலகப் பாரம்பரியச் சின்னமாக 1984-ல் யுனெஸ்கோ அறிவித்த இந்த ஊர், உடல்வலுவைப் பேரிலேயே சுமந்து நிற்கிறது!

6. ஒரே பாறையில் எத்தனை உடம்புகள்!

அர்ச்சுனன் தபசு என்று அழைக்கப்படும் அந்தப் பெரும்பாறைக்கு எதிரே நின்று பொறுமையாகப் பாருங்கள். நூற்றுக்கும் மேற்பட்ட உருவங்கள். ஒற்றைக் காலில் நின்று, கைகளைத் தலைக்குமேல் கோத்த தவசியின் விலா எலும்புகளை எண்ணிவிடலாம்; வயிறு முதுகோடு ஒட்டியிருக்கிறது. அவருக்குச் சற்றுத் தள்ளிக் குட்டைக் காலும் தொப்பை வயிறுமாகச் சிரிக்கும் பூதகணம். மேலே, இடை சிறுத்துப் பறந்து வரும் தேவ ஜோடிகள். கீழே, மலைபோல் யானைகள். அவற்றின் காலடியில் தவசியைப் பார்த்துத் தானும் கை தூக்கி நிற்கும் பூனை!

ஒல்லிக்கு ஒரு மரியாதை, குண்டுக்கு ஒரு மரியாதை என்று சிற்பி பிரிக்கவே இல்லை. எல்லோருக்கும் அதே பாறை, அதே உளி, அதே வெயில்!

மேலே குன்றில் ஏறினால் மகிஷாசுரமர்த்தினி மண்டபம். எருமைத் தலையன் ஆள் பெரியவன், கையில் கதாயுதம். எதிரே சிங்கத்தின்மேல் எட்டுக் கையோடு, ஒடிசலான தேவி. யார் பின்வாங்குகிறார்கள் தெரியுமா? அவன்தான்! அவன் உடல் பின்னோக்கிச் சாய்ந்திருக்கிறது. அவள் உடல் வில்லோடு முன்னோக்கி நிமிர்ந்திருக்கிறது. பலமான பெண் அழகில்லை என்று யார் சொன்னது? பல்லவச் சிற்பி சொல்லவில்லை!

7. சிற்பியின் அங்குலம் எங்கிருந்து வருகிறது தெரியுமா?

இதுதான் என்னை உலுக்கிய ஆச்சரியம். கொஞ்சம் நின்று கேளுங்கள்.

மாமல்லபுரத்தில் தெருவுக்குத் தெரு உளிச்சத்தம். பட்டறை வாசலில் நின்றால் வெண்தூள் பறந்து புருவத்தில் படியும். உள்ளே ஒருவர் கல்லின்மேல் செங்காவிக் கோடு போட்டுக்கொண்டிருப்பார். கண் எங்கே, கொப்பூழ் எங்கே, முழங்கால் எங்கே என்று எல்லாம் கணக்கு. 1957-ல் இங்கே தொடங்கிய அரசு சிற்பப் பயிற்சி நிலையம் இன்று கல்லூரியாக இந்தக் கணக்கைத்தான் சொல்லிக்கொடுக்கிறது. அதன் முதல்வராக இருந்த கணபதி ஸ்தபதிதான் 2000-ல் திறக்கப்பட்ட குமரிமுனை 133 அடி வள்ளுவர் சிலையை வடிவமைத்தவர்!

கணக்கு என்ன? முக நீளத்தை அடிப்படையாக வைத்த அளவுக்குத் தாளம் என்று பெயர். சிவன், திருமால் போன்ற பெருந்தெய்வங்களுக்கு உத்தம தசதாளம்: மொத்த உயரம் 124 பங்கு. அம்மனுக்கும் தாயாருக்கும் மத்திம தசதாளம்: 120 பங்கு. பிள்ளையாருக்கு வெறும் பஞ்சதாளம்! அதனால்தான் பெரிய தலையும் குட்டைக் காலும் தொப்பையுமாக இருந்தும் அவரைப் பார்த்ததும் அள்ளிக்கொள்ளத் தோன்றுகிறது. பிள்ளையாரைச் சிவனின் தாளத்தில் செதுக்கிப் பாருங்கள், அது பிள்ளையாராகவே இருக்காது!

அதைவிட அதிசயம் ஒன்று. அந்த அங்குலத்தைச் சிற்பி கடையில் வாங்குவதில்லை. செய்யப்போகும் சிலையின் உயரத்தையே 124 ஆகவோ 120 ஆகவோ பிரிக்கிறார். வருகிற ஒரு பங்குதான் அந்தச் சிலைக்கு ஓர் அங்குலம். தேகலப்த அங்குலம் என்று அதற்குப் பெயர்: அந்த உடம்பிலிருந்தே கிடைத்த அங்குலம்! ஒரு சிலையின் அங்குலம் பக்கத்துச் சிலைக்குப் பொருந்தாது. ஒவ்வோர் உடம்பும் தன் அளவுகோலைத் தானே கொண்டு வருகிறது!

கல்லுக்கே இவ்வளவு நியாயம் பார்த்த மண்ணில், ரத்தமும் சதையுமான பிள்ளைகளை அடுத்த வீட்டு டேப்பால் அளக்கலாமா? "ஆறடி மாப்பிள்ளைதான் வேண்டும்" என்கிறார்களே, 19 வயது இந்திய இளைஞரின் சராசரி உயரம் சுமார் 166 சென்டிமீட்டர். அதாவது ஐந்தடி ஐந்தரை அங்குலம்! சராசரிக்கு அரையடி மேலே கயிறு கட்டிவிட்டு, வரன் அமையவில்லையே என்று யாரை நோவது?

8. கறுப்பழகிக்கு முதல் ரதம்!

ஐந்து ரதங்களில், வாசலில் நுழைந்ததும் நிற்பது திரௌபதி ரதம். குடிசைக் கூரை போட்டது போல் அத்தனை அழகு! பாஞ்சாலியின் இன்னொரு பெயர் தெரியுமா? கிருஷ்ணை. கரியவள் என்று பொருள்! அர்ச்சுனன் வில் வளைத்து வென்ற சுயம்வர நாயகியின் நிறம் கறுப்பு.

அப்படிப்பட்ட நாட்டில் வரன் விளம்பரங்கள் இன்னும் "சிவந்த நிறம்" கேட்கின்றன. ஆனால் காற்று திரும்பியிருக்கிறது! கறுப்பும் அழகே என்ற இயக்கத்தை 2009-ல் தொடங்கியது நம் சென்னையின் விமன் ஆஃப் வொர்த் அமைப்பு. 2020-ல் ஷாதி டாட் காம் நிறத்தை வைத்து வரன் தேடும் வசதியையே தூக்கிவிட்டது. அதே ஆண்டு ஃபேர் அண்டு லவ்லி களிம்பு தன் பெயரிலிருந்து ஃபேர் என்ற சொல்லை எடுத்தது!

9. ஏழு யானைக்கும் அசையாத கல்; கல்யாணத்துக்காகத் தூக்கிய கல்!

மாமல்லபுரத்துச் சரிவில் நிற்கும் கிருஷ்ணனின் வெண்ணெய்ப் பந்துப் பாறை: சுமார் 250 டன். 1908-ல் ஆளுநர் ஆர்தர் லாலி ஏழு யானைகளைக் கட்டி இழுத்தும் அசையவில்லை என்று சொல்லப்படுகிறது.

தென்மாவட்டங்களில் வேறொரு கல் உண்டு: இளவட்டக்கல். வழுவழுவென்று பிடி கிடைக்காத உருண்டைக் கல். அதைத் தூக்கித் தோளுக்கு மேலே கொண்டுபோய்ப் பின்னால் போடும் இளைஞனுக்கே பெண் என்ற காலம் இருந்தது. இன்னும் பின்னே போனால் கலித்தொகை காட்டும் ஏறுதழுவல். காளைக் கொம்புக்கு அஞ்சுகிறவனை ஆயர்மகள் திரும்பியும் பார்க்க மாட்டாள்! ஆக, தமிழ்நாட்டில் முதலில் உடல்தேர்வு எழுதியவர் மாப்பிள்ளைதான்! இன்று நெல்லைச் சீமையின் வடலிவிளையில் பொங்கலுக்குப் பெண்களும் இளவட்டக்கல் தூக்குகிறார்கள். பார்க்கவே புல்லரிக்கிறது!

கல்லைத் தூக்கக் கைப்பிடி வேண்டும் அல்லவா? 17 நாடுகளில் சுமார் 1,40,000 பேரைத் தொடர்ந்து கவனித்து 2015-ல் வெளியான ஆய்வு, ஆயுளைக் கணிப்பதில் ரத்த அழுத்தத்தைவிடக் கைப்பிடி வலு நன்றாக வழிகாட்டுகிறது என்று கண்டது. முன்னோர் கல்லை உருட்டி வைத்தது வீண்போகவில்லை!

10. வெறுங்கால் கமலியும் நிறைமாத ஹரிகாவும்!

கவுன் போட்டு, வெறுங்காலோடு, சறுக்குப் பலகையில் சரிவில் இறங்கி வரும் மாமல்லபுரத்துச் சிறுமியின் படம் உலகைச் சுற்றியது தெரியுமா? அவள்தான் கமலி. அவளையும் தாய் சுகந்தியையும் பற்றிய குறும்படம் 2020-ல் பாஃப்டா விருதுக்கான இறுதிப் பட்டியல் வரை போனது! பிறகு அவள் அலைமேல் ஏறினாள். "வெயில்ல கறுத்துப்போயிடுவ, யார் கட்டிப்பா?" என்ற பேச்சுக்குப் பயந்து கரையிலேயே நின்றுவிட்ட பெண்கள் எத்தனை ஆயிரம்! அவர்களுக்கும் சேர்த்துத்தான் அவள் அலை ஏறுகிறாள் என்று எனக்குத் தோன்றும்.

2022-ல் இதே ஊரில் சதுரங்க ஒலிம்பியாட். ஹரிகா துரோணவல்லி நிறைமாதக் கர்ப்பிணியாகப் பலகை முன் உட்கார்ந்தார். மணிக்கணக்கில் ஆடி, இந்தியப் பெண்கள் அணியோடு வெண்கலம் வென்றார்! பெண்ணின் உடம்பு எடையாலும் இடையாலும் மட்டும் பேசப்படுகிற நாட்டில், அந்த உடம்பு எதையெல்லாம் தாங்கி எதையெல்லாம் சாதிக்கிறது என்று கண்முன்னே காட்டிவிட்டார்.

11. படிக்கட்டும் டேப்பும் பாரபட்சம் பார்க்காது!

மேற்கே திரும்பினால் திருக்கழுக்குன்றம். வேதகிரீஸ்வரர் மலைக்கு ஐந்நூற்றுச் சொச்சம் படிகள். பேசிக்கொண்டே ஏற முடிகிறதா, அல்லது பேச்சே வராமல் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துவிடுகிறோமா? காசில்லாத உடல் பரிசோதனை இது! வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடற்பயிற்சி போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாளுக்கு அரைமணி, வாரத்துக்கு ஐந்து நாள். அவ்வளவுதான்!

பெண் பார்க்கும் படலத்தில் பெண்ணை நடக்கச் சொல்லிப் பார்ப்பார்கள். பாடச் சொல்லிக் கேட்பார்கள். மாப்பிள்ளையை யாராவது நடக்கச் சொன்னதுண்டா? 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் பெண்களில் 40.4 சதவீதம், ஆண்களில் 37 சதவீதம் பேர் கூடுதல் எடையோடு இருக்கிறார்கள். வித்தியாசம் கொஞ்சம்தான். ஆனால் "மெலிந்த" என்ற சொல் மணமகள் தேவை விளம்பரத்தில்தானே வருகிறது! உடல்தகுதியுள்ள துணை வேண்டும் என்று ஆசைப்படுவதில் ஒரு தப்பும் இல்லை. இருவரும் சேர்ந்து இந்தப் படி ஏறட்டும். கேட்பவர் தானும் ஏற வேண்டும், அதுதான் நியாயம்.

1989-ல் டேவிட் பஸ் என்ற உளவியலாளர் இந்தியா உட்பட 37 பண்பாடுகளில் 10,047 பேரிடம் துணையிடம் எதிர்பார்ப்பது என்ன என்று கேட்ட முடிவுகளை வெளியிட்டார். தோற்றத்துக்கு ஆண்கள் கூடுதல் மதிப்புக் கொடுத்தார்கள், வருமானத்துக்குப் பெண்கள். ஆனால் இரு தரப்பிலும் அவற்றையெல்லாம் தாண்டி மேலே நின்றவை அன்பும் நம்பத்தகுந்த குணமும்தான்!

கடைசி நிறுத்தம் செங்கல்பட்டு. 1965 முதல் இங்கே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மருத்துவர்களின் டேப் என்ன சொல்கிறது தெரியுமா? நம் உடல்வாகுக்கு ஆணின் இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டருக்குள், பெண்ணுக்கு 80-க்குள் இருக்க வேண்டும். ஆள் மெலிவாக இருந்தாலும் வயிற்றில் மட்டும் கொழுப்புச் சேர்ந்தால் சர்க்கரை நோய் தேடி வரும். "ஒல்லிதானே" என்று ஏமாறக் கூடாது!

இன்னும் எளிய கணக்கு ஒன்றும் உண்டு. இடுப்புச் சுற்றளவு அவரவர் உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும். கவனித்தீர்களா? அவரவர் உயரத்திலிருந்து அவரவர் அளவு! மாமல்லபுரத்துச் சிற்பி சொன்ன தேகலப்த அங்குலத்தை இன்றைய மருத்துவரும் சொல்கிறார்! எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது.

இன்றே வீட்டில் ஒரு நூலை எடுங்கள். உங்கள் உயரத்துக்கு வெட்டுங்கள். இரண்டாக மடித்து இடுப்பைச் சுற்றுங்கள். முனைகள் தொட்டால் சந்தோஷம். தொடாவிட்டால் நாளைக் காலையே நடக்கத் தொடங்குங்கள். நாளை உங்கள் வாழ்க்கைக்குள் ஒருவர் வந்தால், இந்த நூலை அவரிடம் நீட்டாதீர்கள், அது அவருக்குச் சேராது. அவர் உயரத்துக்கு அவரே ஒரு நூல் வெட்டிக்கொள்ளட்டும்!